ஆகாத மாத்திரை

புருஷன் பல்வலியில் துடிக்கிறான். பெண்டாட்டி மாத்திரை அட்டையைப் பிரித்து, மிச்சம் இருப்பதையெல்லாம் கழிவறையில் கொட்டித் தண்ணீரை ஊற்றுகிறாள். இப்படியும் ஒருத்தி உண்டா?

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்குக் கன்னம் பந்தாக வீங்கியிருந்தது. காலையிலிருந்து பாராசிட்டமாலை மிட்டாய் மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தார். அவள் பார்த்தாள். மருந்துக்கடைக்குப் போனாள், வந்தாள், கொட்டினாள். கையில் ஒரு களிம்பைத் திணித்தாள்.

“இதைத் தடவுங்க. மாத்திரை போதும். டாக்டர்கிட்ட போவோம்.”

“உனக்கு என்னடி தெரியும்?”

மாஸ்டர் தங்கச்சிக்குப் போன் போட்டு, கோணிய வாயாலேயே முழுக் கதையையும் ஒப்பித்தார். அண்ணன் மாதிரி பொறுமைசாலி உலகத்திலேயே கிடையாது என்று தங்கச்சி உச்சுக்கொட்டினாள். அந்தத் தெம்பில் மாத்திரை வாங்க அவரே கடைக்குக் கிளம்பினார்.

கடையில் கூட்டம். அவரிடம் வண்டி பழகும் இரண்டு பேரும் நின்றார்கள். ‘குடிச்சவன் என் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது’ என்று அவர் குரலிலேயே பேசிக் காட்டிச் சிரிக்கும் ஆசாமிகள். அவரைக் கண்டதும் கப்சிப்.

கடைக்காரர் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். அவர் ரகசியமாகப் பேசினாலே தெருவுக்கே கேட்கும்.

“மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டம்மா தினமும் குடிப்பாங்களாமே?”

“யாரு?”

“அவங்களே சொன்னாங்க, இத்தனை பேர் முன்னாடி. எனக்குப் பல்வலி, தினமும் குடிப்பேன், இந்த மாத்திரையை நிறையப் போட்டா ஏதாவது ஆகுமான்னு கேட்டாங்க. முதல்ல தூக்கிப் போடுங்க, டாக்டரைப் பாருங்கன்னேன். குடிக்கிறவங்க ஈரல்ல ஒரு என்சைம் எக்கச்சக்கமா ஊறிக் கிடக்கும் மாஸ்டர். நல்ல மாத்திரையைப் பிடிச்சு அதுவே விஷமா மாத்திடும்.”

மாஸ்டர் கன்னத்தைப் பிடித்தபடி நின்றார்.

“உங்களை மாதிரி சுத்தமான மனுஷனுக்கு இப்படி ஒரு சோதனை,” என்று கடைக்காரர் தோளைத் தட்டினார். “உங்களுக்கு அந்தப் பயமில்ல. எத்தனை அட்டை தரட்டும்?”

பயிற்சிக் காரின் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் பாட்டில் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று மாஸ்டர் இதுவரை நினைத்திருந்தார்.

வண்டி பழகுகிறவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்த மாத்திரை அவளுக்குத் தாராளமா ஆகும்,” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. “எனக்குத்தான் ஆகாது.”