மூன்று வாரச் சலுகை

"ரெண்டு வாரம் முடிஞ்சுது. லேப்டாப்பை வெச்சுட்டுக் கிளம்பும்மா," என்றார் கல்லூரிக் கணினி ஆய்வகப் பொறுப்பாளர்.

"அண்ணே, ரெண்டு வாரமும் படிக்கவே போயிடுச்சு. இன்னிக்குத்தான் ப்ராஜெக்டை எழுதவே ஆரம்பிக்கிறேன். இன்னும் மூணே வாரம்!"

"அடுத்தது உன் வகுப்புப் பையனோட முறை."

"அவன் இன்னும் தலைப்பே யோசிக்கல. அவன் பேர்ல எழுதிக்கோங்க, மெஷின் என்கிட்ட இருக்கட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

துணிக்கடைக்காரர் மகளுக்குப் பேரத்தில் தோற்றுப் பழக்கமில்லை. பொறுப்பாளர் சிரித்துக்கொண்டே பையனின் பெயரை எழுதினார். முறைக்காக வந்து நின்ற பையனும் அலுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

மூன்று வாரம் கழித்து லேப்டாப் அவன் கைக்குப் போனது. தன் ப்ராஜெக்டை நகல் எடுத்துக்கொண்டவள், உள்ளே இருந்ததை அழிக்க மறந்துவிட்டாள்.

மாத முடிவில், அச்சு மாறாமல் ஒரே ப்ராஜெக்டை இருவரும் சமர்ப்பித்திருந்தார்கள்.

"காப்பியடிச்சது யாரு? அவங்களுக்கு டிகிரி கிடையாது," என்றார் துறைத்தலைவர்.



"லேப்டாப்பைத் திறந்து பாருங்க சார். எந்த ஃபைல் என்னிக்கு உருவாச்சுன்னு அதுவே சொல்லும்," என்றாள் அவள்.

திறந்தார்கள். எல்லாமே ஐந்தாம் தேதிக்கும் இருபத்தைந்தாம் தேதிக்கும் நடுவே உருவானவை.

"அருமையான சாட்சிம்மா," என்று ஆய்வகப் பதிவேட்டைப் புரட்டினார் துறைத்தலைவர். "அந்த மூணு வாரமும் மெஷின் தம்பிகிட்ட இருந்திருக்கே!"

அவள் பொறுப்பாளரைப் பார்த்தாள். "அண்ணே, நடந்ததைச் சொல்லுங்கண்ணே!"

அவர் தன் வேலையை நினைத்துக்கொண்டார்.

"தங்கமான பொண்ணு சார். ரெண்டே வாரத்துல திருப்பிக் கொடுத்துட்டா. ஒரு நாள்கூடத் தாமதம் பண்ணல."