பாயை விடாத கை

தர்மபுரியில் கடலே பார்க்காமல் வளர்ந்த வான்மதிக்கு, பாய்மரம் கட்டி ஒருவர் நின்று ஓட்டும் பாய்ப்பலகையை ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்கள், அவள் வேலைக்கு வந்த பாம்பனிலேயே பிறந்த சிநேகிதர்கள் ரோச்சும் ஜெசிந்தாவும். அன்று மூவரும் கடலில் இருக்கும்போதே தெற்கிலிருந்து சோழகக் காற்று முறுக்கிக்கொண்டு வந்தது. ரோச்சின் பாய்மரம் முறிந்து, அவன் அலைக்குள் விழுந்தான். படகு கொண்டுவர ஜெசிந்தா கரைக்கு விரைந்தாள்.

"நீயும் போயிரு," என்று கத்தினான் ரோச்.

"உன் பலகைக் கயித்தக் குடு," என்றாள் வான்மதி.

முறிந்த பாயைக் கழற்றிவிட்டு அவன் பலகைமேல் குப்புறப் படுத்தான். அந்தப் பலகையைக் கயிற்றால் தன் பலகையின் பின்னால் கட்டிக்கொண்டு அவள் காற்றுக்கு எதிராக முதுகைச் சாய்த்தாள். பாய் தோளைப் பிய்த்தது. ஒவ்வொரு அலையும் அவளைத் தூக்கி நிறுத்தி, கரையைக் காட்டிவிட்டு, மறுபடி பள்ளத்தில் இறக்கியது. அவள் விழவில்லை.

கரையில் அலையை மீறிப் படகைத் தள்ள முடியாமல் நின்றவர்கள் இடுப்பளவு தண்ணீருக்குள் ஓடிவந்தார்கள். ரோச் தானாகவே எழுந்து நடந்தான். வான்மதியின் விரல்கள்தான் பாயின் கம்பைவிட்டுப் பிரியவில்லை. ஜெசிந்தா அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்தப் பார்த்தாள்.

"கரை வந்துட்டு, விடுடீ."

"இரு. இன்னும் கொஞ்சம் பிடிச்சுக்கிறேன்."

பாயில் இன்னும் காற்று இருந்தது.