மௌனம் சம்மதம்

“‘கவலை’யா, ‘ஆழ்ந்த கவலை’யா? நாலு நாளா இதே ரோதனை!” ஹனோயில் தூதர் கைசா எரிந்து விழுந்தார். ஐரோப்பியத் தூதரகங்களின் கூட்டறிக்கை நகரவேயில்லை.

“‘ஆழ்ந்த’வைத் தூக்கிட்டு எல்லாருக்கும் மறுபடி அனுப்பு. மத்தியானத்துக்குள்ள யாரும் வாயைத் திறக்கலைன்னா, சம்மதம்னு அர்த்தம்.”

மத்தியானம் ஆனது. ஒருவரும் மறுக்கவில்லை.

“அப்பாடா! அதிசயமா இருக்கே. வெளியிடு!”

போன் பேசிவிட்டு வந்த உதவியாளர் துய் அசையாமல் நின்றாள்.

“உனக்கும் ஒரு திருத்தமா, தாயே?”

“கடைசி வரி, மேடம். ‘இளைஞனின் மரண தண்டனையை நிறுத்துங்கள்’னு இருக்கு. இங்கதான் தேதியே சொல்லமாட்டாங்களே. காலையிலேயே முடிச்சுட்டாங்களாம். அந்தப் பையனோட அம்மா ஒவ்வொரு தூதரகமா கூப்பிட்டுச் சொல்லிட்டு வராங்க. நாமதான் கடைசி. அதான் யாருமே வாயைத் திறக்கலை.”