கழிக்க வேண்டிய ஆள்

“அக்கா, உங்க எலும்புக்குள்ள ஒரு ஆம்பளை உட்கார்ந்திருக்கான்!”

கணக்குப் பெண் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினாள். மரபணுத் தரவுகளை அலசும் வேலையில் போன மாதம்தான் சேர்ந்திருந்தாள். ஆய்வுக்கூடத்தில் அதற்குள் ‘கணக்குப் பெண்’ என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஸ்வெட்டரின் நீளமான கைகளை மேலும் ஒரு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டாள்.

“எல்லாம் ஆயிரம் வருஷத்துப் பொம்பளைங்க எலும்புடி.”

“அதான் கேக்குறேன், ஒய் குரோமோசோம் எங்கிருந்து வந்துச்சு? நீங்க பொடிச்ச எல்லாத்துலயும் அதே ஆளு. மத்தவங்க பொடிச்சதுல இல்ல. அதுவும் நம்ம காலத்து ஆளு.”

பழைய எலும்புகளைக் கொண்டு அந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள், யாரோடு கலந்தார்கள் என்று தேடும் ஆய்வு அது. இன்றைய மனிதனின் தோல்துகள் கலந்தால் போச்சு. மறுபடி பொடிக்க எலும்பும் மிச்சமில்லை.

“நம்ம பசங்க யாராவது?”

“எல்லாரோட எச்சிலையும் ஒப்பிட்டாச்சு. ஒருத்தனும் இல்ல. இயக்குநர் கொதிச்சுப் போயிருக்கார். ஆள் யாருன்னு தெரியலைன்னா மொத்தத்தையும் குப்பையில கொட்டச் சொல்லிட்டார். உங்களையும் சுத்த அறைக்குள்ள விட மாட்டாராம்.” குரலைத் தாழ்த்தினாள். “சாப்பிடும்போதெல்லாம் ‘அவருக்கு இது பிடிக்காது, அவருக்கு அது பிடிக்காது’ன்னே சொல்லுவீங்களே, அந்த அண்ணனை உள்ளே கூட்டிட்டு வந்தீங்களா?”

அக்கா சிரிக்கவில்லை.

“அவராத்தான் இருக்கும்.”

“அடப்பாவி அக்கா! சரி, பிழைச்சோம். அவரோட டி.என்.ஏ. கிடைச்சா, உங்க தரவுலேர்ந்து அவரைக் கழிச்சிடலாம். மிச்சம் வெறும் எலும்புதான். நாளைக்கு வரச் சொல்லுங்க. கன்னத்துக்குள்ள பஞ்சு தடவி எடுக்க எவ்வளவு நேரம் ஆயிடும்?”

“வர மாட்டார்.”

“கோவமா? போனைப் போட்டுக் குடுங்க. ‘அண்ணே, உங்களால உங்க பொண்டாட்டி உழைப்பெல்லாம் குப்பைக்குப் போகுது’ன்னு நான் சொன்னா ஓடி வர மாட்டாரா?”

“ஓடி வருவார்தான்.”

திரையில் எழுத்துகள் வரிவரியாக நிறைந்திருந்தன.

“இதுல அவர் எங்கே இருக்கார்?”

கணக்குப் பெண் தொட்டுக் காட்டினாள். அக்கா இன்னும் கிட்டே குனிந்து பார்த்தாள்.

“கழிச்சதுக்கு அப்புறம் இது என்ன ஆகும்?”

“என்ன ஆகும்? அழிச்சிடுவோம்.”

“அழிக்காதே. எனக்கு ஒரு காப்பி எடுத்துக் குடு.”

“ஆளே வீட்டுல இருக்கும்போது காப்பி எதுக்காம்?” கணக்குப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அக்கா எழுந்தாள். ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றி, மடிப்புகளைப் பிரித்துவிட்டு, மேஜையில் வைத்தாள்.

“உள்ளே போகும்போதும் பாதுகாப்பு உடுப்புக்கு அடியில இதைத்தான் போட்டிருந்தேன். இதுலேர்ந்து எடுத்துக்கோ. ஆஸ்பத்திரியில அவர் உடம்புலேர்ந்து கழட்டிக் குடுத்த அன்னிலேர்ந்து நான் துவைக்கவே இல்ல. வெட்டும்போது மட்டும் கொஞ்சமா வெட்டு.”