டிராகன் சொன்ன குறி

செண்பகவல்லி தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, நாக்கைத் துருத்தி, கையும் காலும் ஊன்றித் தவழ்ந்து வந்து ஒரு உறுமல் உறுமினாள். பிரஜின் வீட்டு முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழிகள் ஆளுக்கொரு பக்கம் பறந்தன.

"கொள்ளாம், நல்லாருக்கு! ஆனா வாலு கூடவே வரல்ல. இன்னொரு தடவ வா," என்றான் பிரஜின், செல்போனில் படம் பிடித்தபடி.

வால் என்பது அவள் இடுப்பில் கட்டியிருந்த தென்னை ஓலை. நெற்றி, மூக்கு, முழங்கை என்று கண்ட இடத்திலெல்லாம் குங்குமப் பொட்டு. அவள் மூட்டுகள் எப்படி அசைகின்றன என்று பார்த்துத்தான் கம்ப்யூட்டரில் டிராகனை நடக்கவிட வேண்டும். அடையாளம் வைக்க ஒட்டுப்பொட்டு கொண்டுவர மறந்துவிட்டதால், பிரஜின் தன் அம்மாவின் குங்குமச் சிமிழில் கைவைத்துவிட்டான்.

இருவருக்கும் திருவனந்தபுரத்தில் ஒரு கேம் கம்பெனியில் வேலை. ஆளுக்கொரு வேஷம் எடுத்து விளையாடும் மேல்நாட்டு அனிமேஷன் விளையாட்டு ஒன்றில் மயங்கி, அதுபோல நாமும் ஒன்று செய்தால் என்ன என்று இறங்கியிருந்தார்கள். அந்த விளையாட்டில் டிராகனுக்கு, வருகிறவனை எரிப்பதைத் தவிர வேறு சோலி கிடையாது. செண்பகவல்லிதான் அதை மாற்றினாள். இவர்கள் டிராகன் எரிக்காது, சாமியாடி மாதிரி குறி சொல்லும். ஆளுக்கு ஒரே ஒரு கேள்வி, கேட்டால் உண்மையைச் சொல்லும்.

முகம் வரைந்தது பிரஜின். "டிராகனுக்குப் போய் இத்தனை அழகான கண்ணா?" என்று ஆபீசில் கேட்டபோது அவன் அசடு வழிந்தான். செண்பகவல்லி தன் கண்ணை உயர்த்தவே இல்லை.

வழிந்த அசடெல்லாம் ஆபீசோடு சரி. கல்லாறு கிராமத்தில் ரோட்டோரம் கடை வைத்திருக்கும் அவன் அம்மா நாச்சியார், வெள்ளிக்கிழமை நாகர்கோவிலிலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள் என்று சொல்லியிருந்தாள். டிராகனுக்கு வாய் வரையத் தெரிந்தவனுக்குத் தன் வாயைத் திறக்கத் தெரியவில்லை.

"இன்னைக்காவது அம்மாகிட்ட நம்ம விஷயத்தச் சொல்லுவியா?"

"அம்ம கடைக்குச் சரக்கெடுக்கச் சாலைச் சந்தைக்குப் போயிருக்கா. வரட்டும்."

"போன்ல சொல்லேன்."

"இந்த வீட்டுல எங்க ரேஞ்சு இருக்கு? ஒரு போன் பண்ணணும்னா பாலம் வரைக்கும் ஓடணும்."

"உனக்குச் சாக்குக்கா பஞ்சம்!" என்று அவள் கோபத்தில் உறுமினாள். அன்றைக்கு உறுமியதிலேயே அதுதான் அசல் உறுமல். அந்த நேரம் பார்த்துப் படலைத் தள்ளிக்கொண்டு நாச்சியார் வந்து நின்றாள்.

விரிந்த தலை, உடம்பெல்லாம் குங்குமம், இடுப்பில் ஓலை. நாச்சியார் கையிலிருந்த பைகளைக் கீழே போட்டாள்.

"தாயே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

"அம்மா, இது வந்து..."

"சும்மா கெட மக்கா, சாமி வந்திருக்கு," என்று மகனை அடக்கிவிட்டுக் கைகூப்பினாள். "தாயே, வெள்ளிக்கிழம வாற நாகர்கோவில் சம்பந்தத்த இவனுக்கு முடிக்கலாமா?"

எழுந்து நின்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்து நம்மையே கும்பிட்டால் யார்தான் விடுவார்கள்?

"முடிக்காதே!" என்று அடிவயிற்றிலிருந்து சொன்னாள் செண்பகவல்லி. "அவன் மனசுல ஒருத்தி இருக்கா. திருவனந்தபுரத்துல, ஆரியசாலையில தேடு!"

"அவ பேரு என்ன தாயே?"

"ஒரு கேள்விதான்!"

நாச்சியார் நெற்றி நிலத்தில் பட இன்னொரு தரம் கும்பிட்டுவிட்டு, விறுவிறுவென்று அடுக்களைக்குப் போனாள். செல்போனில் அவள் போட்ட சத்தம் முற்றம் வரை கேட்டது.

"அலோ, நாகர்கோவிலா? வெள்ளிக்கிழம நீங்க வரண்டாம், கேட்டியளா. சாமி உத்தரவு தரல்ல!"

பிரஜின் குதித்த குதியில் கோழிகள் இரண்டாம் முறையும் பறந்தன. செண்பகவல்லிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அவசரமாக வாலை அவிழ்த்து, முகம் கழுவி, தலையை முடிந்துகொண்டு, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்பதுபோல உட்கார்ந்தாள்.

நாச்சியார் மூன்று கிளாசில் சாயாவோடு வந்தாள். "சாமியாடுன க்ஷீணம் இப்ப தீந்துதா மோளே? நடந்தது ஏதும் ஓர்மை இருக்கா?"

"ஒண்ணுமே ஓர்மையில்லம்மா."

"உனக்கு ஊரு எது?"

"ஆரியசாலை."

நாச்சியார் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்ப சாமி சொன்னது நீதான் மோளே! வெள்ளிக்கிழம உங்க வீட்டுக்குப் பொண்ணு பாக்க வாறோம். உங்க அம்மைகிட்ட சொல்லு."

செண்பகவல்லிக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே மனசு லேசாக உறுத்தியது.

"நாகர்கோவில்காரங்க பாவம் இல்லியாம்மா? நீங்க போன் பண்ணி வரண்டாம்னு சொன்னதுல ரொம்ப வருத்தப்பட்டிருப்பாங்களே?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். பிரஜின் தலையில் கைவைத்துக்கொண்டான்.

நாச்சியார் சாயா தளும்பத் தளும்பச் சிரித்தாள். "நம்ம அடுக்களையில ரேஞ்சு ஏது மோளே?"

பிரஜின் திறந்த வாயை மூடவில்லை. "அப்ப... அந்த நாகர்கோவில் பொண்ணு?"

"அப்படி ஒருத்தி உண்டுன்னு சொன்னாலாவது நீ வாயத் தொறப்பியான்னு பாத்தேன். ஏன், நீங்க ரெண்டு பேரு மட்டுந்தான் வேஷங்கட்டி விளையாடணுமா?"