சட்டியின் கறுப்பு

செருப்பை மாட்டிக்கொண்டே மீரான் மனைவியிடம் கடைசியாகப் பேசியது இரண்டு மாதமாகச் சோறு பொங்கிவந்த புது அலுமினியச் சட்டியைப் பற்றித்தான். “பித்தளைன்னு நெனச்சுச் சாம்பலப் போட்டுத் தேச்சு, புது மாப்ள மொகத்துல கரியப் பூசிட்டியே, சாதிகா! புளியக் கரைச்சு ஊத்திக் கொதிக்க வையி. நான் வாரதுக்குள்ள வெளுத்துரும்.” “மொதல்ல நீங்க நேரத்தோட வந்து சேருங்க,” என்று அவள் சிரித்தாள். அன்று சாயங்காலம் வைகை வெள்ளம் அவரைக் கொண்டுபோய்விட்டது.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து, வந்தவர்கள் கலைந்த பிற்பகலில், சாதிகா அந்தச் சட்டியில் விளிம்புவரை புளித்தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றுகிறாள். தண்ணீர் மெல்ல முனகத் தொடங்குகிறது. ஓட்டு இடுக்கில் இறங்கும் வெயில் ஆவிக்குள் நின்று அசைகிறது. உள்ளே கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. இரண்டு பேர் சோற்றுக்குத் தண்ணீர் வைத்து வைத்துப் படிந்த கோடு மட்டும் சற்று நேரம் தங்குகிறது. விறகை இழுத்துவிட அவள் கை நீள்கிறது, இழுக்காமல் திரும்புகிறது. கோடும் போகிறது. சட்டி அவர் சொன்னபடியே வெளுத்துவிட்டது. அதைக் கழுவி, ராத்திரிச் சோற்றுக்குச் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுகிறாள். பார்த்து நிறுத்தக் கோடு இல்லை. ஆனாலும் கை இரண்டு பேர் அளவில்தான் நிற்கிறது.