காயாத கதவு

"சீக்கிரம் காயாத பெயின்ட் எது?" என்று மாப்பிள்ளை கேட்டதும் பெயின்டர் கையிலிருந்த உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டார். இத்தனை வருடத் தொழிலில், எப்போது காயும் என்றுதான் எல்லோரும் அவர் உயிரை எடுத்திருக்கிறார்கள்.

அந்த கார் ஷெட் கதவே ஒரு கதம்பம். இடது பக்கம் மரம். வலது பக்க மரத்தைக் கரையான் தின்றுவிட்டதால் அங்கே தகரம். பக்கவாட்டில் ஆள் நுழைய ஒரு ஃபைபர் கதவு. தகரத்தில் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடிக்க வேண்டும், மரத்தைத் தேய்த்துப் பட்டி பார்த்து பிரைமர் கொடுக்க வேண்டும் என்று ஆரம்பித்தார் பெயின்டர். அந்தக் கதையெல்லாம் வேண்டாம், மூன்றிலும் ஆயில் பெயின்டைக் கெட்டியாக அப்பினால் போதும், நாளை முழுக்கக் கை வைத்தால் ஒட்ட வேண்டும் என்றார் மாப்பிள்ளை.

"ஃபைபர்ல பெயின்ட் புடிக்காது சார். தொட்டா கையோட வந்துடும்."

"அதான் வேணும். அடிங்க."

பாவம், மாப்பிள்ளைக்கு வந்த கஷ்டம் அப்படி. ஷெட்டுக்குள் கார் இல்லை. ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் மாமனார் மகளுக்காக ஆசை ஆசையாக வாங்கிக் கொடுத்த கார் அது. அதைத்தான் புரோக்கர் மூலம் கண்காணாத ஊருக்குத் தள்ளிவிட்டு, நண்பனோடு அலங்கார மீன் வியாபாரத்தில் குதித்தார் மாப்பிள்ளை. ஒரே வாரத்தில் மீன்கள் செத்து மிதந்தன, நண்பன் கம்பி நீட்டிவிட்டான்.

பேட்டரி படுத்துவிட்டது, ஷெட்டைத் திறக்காதே என்று மனைவியிடம் சொல்லிச் சமாளித்திருந்தார். அவளோ, இன்னொரு பொய் பிடிபட்டால் அப்பாவோடு கிளம்பிவிடுவேன் என்று ஏற்கெனவே சொல்லி வைத்தவள். நாளை அந்த அப்பா வருகிறார். ஒரே நாள்தான் தங்குவார். ஆனால் வந்த கையோடு ஷெட்டைத் திறந்து காரைத் தடவிப் பார்க்காவிட்டால் அவருக்குக் காப்பி இறங்காது.

சாயங்காலம் பளபளவென்று நின்ற கதவைப் பார்த்து மாப்பிள்ளைக்குத் தன் மூளைமேலேயே காதல் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், மாமாவை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போகட்டுமா என்று மனைவியிடம் ரொம்பக் கரிசனமாகக் கேட்டார். அப்பா இந்தத் தடவை ரயிலில் வரவில்லையாம் என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போனாள். பஸ்ஸோ, லாரியோ, எதில் வந்தால் நமக்கென்ன என்று விட்டுவிட்டார் மாப்பிள்ளை.

காலையில் மாமனார் கேட்டைத் திறந்ததுமே மாப்பிள்ளை ஓடிப்போய் ஷெட்டுக்கு முன்னால் கைகளை விரித்து நின்றுகொண்டார்.

"தொட்டுடாதீங்க மாமா, பெயின்ட் ஈரம். இல்லன்னா நம்ம கார்லயே உங்களை ஊரெல்லாம் சுத்திக் காட்டியிருப்பேன்."

மாமனார் முகத்தில் கோபமே இல்லை. கதவை மேலும் கீழும் பார்த்தார். ஃபைபரை ஒரு விரலால் தொட்டு, ஒட்டிய பெயின்டைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மகள் கையில் கொடுத்தார்.

"மெதுவா காயட்டும் மாப்பிள்ளை. அதுவரைக்கும் நீங்க வித்து, நான் திரும்ப வாங்கின கார் தெருவுலயே நிக்கட்டும்."